லேகிய டப்பாவும் சிலிக்கான் குச்சியும்

காவலூர் தொலைநோக்கியைப் பற்றி எழுதியபோது "சூப்பர்டா மச்சி" என்று தோளைத் தட்டிய அதே வகுப்புத் தோழர்கள், இந்தத் தடவை எதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் "உனக்கு ஏண்டா இந்த வேலை?" என்றார்கள். ஒருத்தன் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "எழுதுடா, ஆனா என் பேரைப் போடாத" என்றான். இவ்வளவு பயம் இருக்கிற விஷயம் என்றால் கட்டாயம் எழுதத்தான் வேண்டும்.

விஷயம் இதுதான். ஆண்களுக்கு வரும் விறைப்புக் கோளாறு. மாத்திரை மருந்துகள் கைகொடுக்காதபோது அதற்குச் செய்கிற அறுவை சிகிச்சை. அதைப் பற்றி வாயே திறக்காத நம் ஊர். அந்த மௌனத்தில் கடை போட்டுக் காசு பார்க்கிற கூட்டம். கூச்சப்படுபவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், அடுத்த பஸ் வரும் :-)

எங்கள் மலையின் பெயரில் ஒரு வியாபாரம்

நான் பிறந்து வளர்ந்த ஜவ்வாது மலைக்கு வெளியுலகத்தில் சில அடையாளங்கள் உண்டு. காவலூர் வானாய்வகம். சாமை, தேன், பலா. ஒரு காலத்தில் சந்தனம். இவை தவிர நாங்கள் கேட்காமலேயே எங்கள் மேல் ஒட்டப்பட்ட ஓர் அடையாளம் இருக்கிறது. அதுதான் ஆண்மை லேகியம்.

போளூர் ரோட்டோரமோ, திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டமோ, நீங்களே பார்த்திருப்பீர்கள். தார்ப்பாய்க் கூடாரம், கண்ணாடி ஜாடிகளில் காய்ந்த வேர்கள், பாம்புப் படம் போட்ட பேனர். மேலே பெரிய எழுத்தில் "ஜவ்வாது மலை அரிய மூலிகைகள்". கீழே "நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு, கைப்பழக்கக் கோளாறு, 48 நாளில் நிரந்தரத் தீர்வு". உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறியிருப்பாரா என்பதே சந்தேகம்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மூலிகை தெரியாமல் இல்லை. காய்ச்சலுக்கு எது, வயிற்றுக்கு எது, கட்டிக்கு எது என்று தெரிந்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் டப்பாவில் அடைத்து, குதிரைப் படம் ஒட்டி, ஐயாயிரம் ரூபாய்க்கு விற்றதை நான் பார்த்ததில்லை. மலையாளிப் பழங்குடிகளின் அறிவு என்று சொல்லி விற்கப்படுவது எங்கள் அறிவே கிடையாது. எங்கள் முகவரி மட்டும்தான் எங்களுடையது.

இந்த விளம்பரம் சட்டப்படி குற்றம் என்பதாவது நமக்குத் தெரியுமா? 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாய வைத்திய (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் 3-ஆவது பிரிவு, உடலுறவுத் திறனைக் கூட்டும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை. எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. பேனர் மட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

இதில் சித்த மருத்துவத்தைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்து ஐந்தரை வருஷம் சித்த மருத்துவம் படித்துவிட்டு வருபவருக்குத்தான் இந்தக் கூடாரத்தின் மேல் என்னைவிடக் கோபம் வர வேண்டும்.

"ஆண்மைக்குறைவு" என்று ஒரு வியாதி கிடையாது

முதல் தப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கால் முறிந்தவனை "மனிதத்தன்மை குறைந்தவன்" என்று சொல்கிறோமா? கண்புரை வந்தவரை "அறிவுக்குறைவு" என்கிறோமா? ரத்தக் குழாயிலோ நரம்பிலோ பழுது வந்த ஒருவனுக்கு மட்டும் "ஆண்மை" குறைந்துவிட்டதாம். அந்தச் சொல்லைக் கேட்ட உடனேயே பாதிப் பேர் டாக்டரிடம் போவதில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். லேகியக்காரருக்கு விளம்பரச் செலவு பாதி மிச்சம்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். திறனற்றவன் என்கிற அர்த்தத்தில் ஒரு சொல் இருந்தது. 1992-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மருத்துவர் மாநாடு, அந்தச் சொல் வேண்டாம், விறைப்புக் கோளாறு என்றே சொல்லுங்கள் என்று பரிந்துரை செய்தது. நம் ஊர்ச் சுவர்கள் இன்னும் அந்தப் பக்கமே போகவில்லை.

விஷயம் ரொம்ப எளிது. மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி போகிறது. ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் இரண்டு பஞ்சுக் குழாய்கள். செய்தி வந்ததும் அங்கே நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, ரத்தக் குழாய்கள் தளர்ந்து, பஞ்சில் ரத்தம் நிரம்புகிறது. நிரம்பிய அழுத்தத்தில் ரத்தம் வெளியேறும் வழிகள் நசுங்கி அடைபடுகின்றன. சைக்கிள் டியூப் மாதிரிதான். பம்பில் காற்று வராவிட்டாலும் சரி, வால்வில் கசிந்தாலும் சரி, டயர் நிற்காது. அதற்காக சைக்கிளின் பரம்பரையைச் சந்தேகப்படுவதில்லையே!

இன்னொன்று. விறைப்பு வேறு, விந்தணு வேறு. குழந்தை இல்லையென்றால் ஊர் முதலில் அந்தப் பெண்ணைத்தான் "மலடி" என்கிறது. கதவுக்குப் பின்னால் என்ன நடக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வெளியே சொல்ல முடியாது. புருஷன் டாக்டரிடம் போகாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஏச்சு வாங்குவது அவள்தான்.

லேகியம் தின்னும் காலம்

"அட, லேகியத்தால் நல்லது நடக்காவிட்டாலும் கெட்டது என்ன?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

ஆணுறுப்புக்குப் போகும் தமனி ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலம். இதயத்துக்குப் போவது மூன்று நான்கு மில்லிமீட்டர். கொழுப்பும் சர்க்கரையும் சிகரெட்டும் குழாயை அடைக்க ஆரம்பித்தால் முதலில் மாட்டுவது சின்னக் குழாய்தானே? அதனால்தான் பலருக்கு மாரடைப்பு வருவதற்கு இரண்டு முதல் ஐந்து வருஷம் முன்னாலேயே விறைப்புக் கோளாறு தலைகாட்டுகிறது. உடம்பு முன்கூட்டியே அடிக்கிற மணி அது. அந்த மணி அடித்ததும் ஈசிஜியும் சர்க்கரைப் பரிசோதனையும் எடுக்க வேண்டிய ஆள், 48 நாள் லேகியம், அது முடிந்ததும் "ஸ்பெஷல்" லேகியம் என்று இரண்டு வருஷத்தைத் தின்று தீர்க்கிறார்.

2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இந்தக் கோளாறு மற்றவர்களைவிட மூன்று மடங்கு அதிகம் என்கிறார்கள். இத்தனை லட்சம் ஆண்களில் எத்தனை பேர் டாக்டரிடம் வாய் திறந்திருப்பார்கள்?

கெட்டதும் நடக்கிறது. "முழுக்க மூலிகை" என்று விற்கப்படும் பொடிகளில் ரகசியமாக சில்டெனாஃபில் மாத்திரையை அரைத்துக் கலப்பது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. 2007 முதல் 2016 வரை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கலப்படம் என்று கண்டுபிடித்த துணை உணவுப் பொருட்கள் 776. அதில் கிட்டத்தட்ட பாதி, உடலுறவுத் திறனுக்கு என்று விற்கப்பட்டவை. நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் நைட்ரேட் மாத்திரை வைக்கிற ஒருவர் தெரியாமல் இதையும் தின்றால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். உயிரே போகலாம்.

சரி, உண்மையான வைத்தியம் என்ன?

படிப்படியாக இருக்கிறது. முதலில் சர்க்கரை, பிரஷர், சிகரெட், சாராயம், மனசு. பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகளே இந்தக் கோளாறைக் கொண்டுவரலாம். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தில் விழுபவர்களும் உண்டு. அடுத்த படி, 1998-ல் வந்த சில்டெனாஃபிலும் அதன் தம்பிகளும். நிறையப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். கேட்காதவர்களுக்கு வெற்றிடப் பம்பு, உறுப்பிலேயே போடும் ஊசி. (அந்த ஊசி வேலை செய்கிறது என்று நிரூபிக்க, 1983-ல் லாஸ் வேகாஸில் நடந்த டாக்டர்கள் மாநாட்டில் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி தனக்கே போட்டுக்கொண்டு, மேடையிலேயே கால்சட்டையை இறக்கிக் காட்டினார். நம் கூச்சத்தையும் அவரையும் ஒரு தராசில் வைத்துப் பாருங்கள்!)

இவை எதுவுமே பலிக்காதவர்களுக்கு, அல்லது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, கடைசிப் படிதான் உள்வைப்பு அறுவை சிகிச்சை. பல வருஷச் சர்க்கரையால் குழாயும் நரம்பும் கெட்டவர்கள், பைக் விபத்தில் இடுப்பெலும்பு உடைந்தவர்கள், புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அரிவாள் செல் ரத்தசோகையால் மணிக்கணக்கில் வலியோடு விறைத்து நின்று உள்ளே தழும்பாகிப் போனவர்கள். இந்தக் கடைசி வியாதி மலைவாழ் மக்களிடம் அதிகம் காணப்படுவது. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரியில்.

செய்வது என்னவென்றால், அந்த இரண்டு பஞ்சுக் குழாய்களுக்குள்ளும் ஒவ்வொரு சிலிக்கான் உருளையை வைத்துத் தைத்துவிடுவார்கள். இரண்டு வகை. ஒன்று வளைக்கக்கூடிய குச்சி. வேண்டும்போது நிமிர்த்தலாம், மற்ற நேரம் மடக்கி வைக்கலாம். இன்னொன்று ஊதக்கூடியது. விதைப்பைக்குள் ஒரு சின்னப் பம்பு, அடிவயிற்றில் உப்புநீர்ப் பை. பம்பை அமுக்கினால் நீர் உருளைக்குள் போய் விறைக்கும், விடுவித்தால் திரும்பிவிடும். வெளியே எதுவும் தெரியாது. உணர்ச்சி, உச்சம், சிறுநீர் போவது எல்லாம் பொதுவாக முன்பு எப்படி இருந்ததோ அப்படியே.

இது நேற்று முளைத்த ஃபேஷனும் இல்லை. 1936-லேயே சோவியத் நாட்டில் போகோராஸ் என்ற சர்ஜன் விலாவின் குருத்தெலும்பை வைத்து முயன்றிருக்கிறார். ஊதும் வகையை 1973-ல் அமெரிக்காவில் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர் அறிவித்தார்கள். இரண்டு வருஷத்தில் ஸ்மால், கேரியன் என்ற இரு டாக்டர்களின் குச்சி வகை வந்தது. நமக்கு முக்கியமானது அடுத்தது. மும்பை டாக்டர் ரூபின் ஷா, இந்தியாவிலேயே தயாராகும் குச்சி வகை ஒன்றை உருவாக்கினார். அதன் மேலுறையை எடுத்துப் பருமனைச் சரிசெய்துகொள்ளலாம். வெளிநாட்டு ஊதும் கருவிக்குச் சில லட்சங்கள் வேண்டும். இது அதில் ஒரு சிறு பங்கு.

மதுரை ஆரோலேப் 1992-லிருந்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலைக்குத் தயாரித்தது. திருவனந்தபுரம் சித்ரா நிறுவனத்தின் இதய வால்வு 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இரண்டையும் பாடப் புத்தகத்தில் போட்டுப் பெருமைப்படலாம். இதைப் பற்றி மட்டும் யாருக்கும் தெரியாது. மூன்றுமே உடம்புக்குள் வைக்கிற கருவிகள்தான். இது இருக்கிற இடம் நமக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவே.

இன்னொரு லேகியம் விற்க நான் வரவில்லை

சிட்டியில் சில கிளினிக்குகள் இந்த ஆபரேஷனையும் புது பைக் மாதிரி விளம்பரம் செய்கின்றன. அதற்கும் இதே அடி விழ வேண்டும். ஆகவே கெட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

இது ஒருவழிப் பாதை. உள்ளே வைத்துவிட்டால் இயற்கையான விறைப்பு திரும்ப வராது, எடுத்துவிட்டாலும் வராது. நீளம் கூடாது, சிலர் குறைந்ததாகவே சொல்கிறார்கள். ஆசையை உண்டாக்காது. கருவியில் கிருமி தொற்றினால் பெரும்பாலும் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டிவரும். நல்ல இடங்களில் இது நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாகவே நடக்கிறது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஆபத்து அதிகம். ஊதும் கருவி பத்துப் பதினைந்து வருஷத்தில் பழுதாகலாம். மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அங்கே உணர்ச்சி குறைவு என்பதால், குச்சி தோலை அரித்துக்கொண்டு வெளியே வரும் அபாயமும் உண்டு. புளி உலுக்கவும் தேன் எடுக்கவும் ஏறுகிற எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் விடுவது பாவம்.

இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் திருப்தியாக இருப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. மனைவிமாரிடம் கேட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குறைகளை வரிசையாகச் சொல்லிவிட்டுத் தருவதுதான் வைத்தியம். குறையே இல்லை என்று சொல்லித் தருவது லேகியம்.

"இந்த வயசுல இது தேவையா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் லேகியக்காரரின் பங்குதாரர்கள். அறுபது வயதில் முட்டி மாற்றினால் "நல்லா நடக்கட்டும்" என்கிறோம். பல் கட்டினால் "நல்லா சாப்பிடட்டும்" என்கிறோம். இதைக் கேட்டால் மட்டும் சிரிப்பு. புருஷனும் பெண்டாட்டியும் எந்த வயதில் சேர்ந்து படுக்கலாம் என்று ஊர் ஏன் தீர்மானிக்க வேண்டும்? வயது மட்டுமா காரணம்? விபத்தில் இடுப்பு உடைந்தவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்கலாம்.

இதைவிட நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று இருக்கிறது. "உங்கள் மலையில் ரோடே இல்லை. 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் செத்தது, அந்த உடலைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அங்கே போய் இதைப் பேசுகிறாயே?"

பேசத்தான் வேண்டும். ரோடு முதலில் வரட்டும், அதில் ஆம்புலன்ஸ் முதலில் போகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அரசாங்கம் கொடுக்காத வைத்தியத்தின் இடத்தில் கூடாரக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். புளி விற்ற காசும் சாமை விற்ற காசும் அந்த ஜாடிக்குத்தான் போகிறது. ஏழைக்கு உயிர் மட்டும் போதும், சந்தோஷம் பணக்காரனுக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

நான் கேட்பதில் முதல் விஷயத்துக்குப் பைசா செலவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரை வருகிறது. கொண்டுவரும் அக்கா "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாண்ணா?" என்று கேட்கிறார். அவரிடம் எந்த அண்ணனும் இதைச் சொல்லமாட்டார். ஆகவே ஆண் சுகாதாரப் பணியாளரோ டாக்டரோ, சர்க்கரைக்காரர் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "உறவில் ஏதாவது சிரமம் இருக்கா?" நோயாளி சொல்லக் காத்திருக்காமல் டாக்டரே கேட்க வேண்டும்.

இரண்டாவது, மாத்திரை பலிக்காதவரிடம் "அவ்வளவுதான், வயசாச்சு" என்று அனுப்பாமல் ஆபரேஷன் வரை உள்ள எல்லாப் படியையும் சொல்லட்டும். மூன்றாவது, மலைக்குக் கீழே திருவண்ணாமலையிலும் வேலூரிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளில், தேவைப்படுபவருக்கு இந்தியத் தயாரிப்புக் குச்சியையாவது காப்பீட்டுத் திட்டத்தில் பொருத்தட்டும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடே மருத்துவ அவசியம் என்றால் இதற்குப் பணம் தருகிறது. நான்காவது, அந்த 1954 சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஒரே ஒரு பௌர்ணமிக்கு வந்து பார்க்கட்டும்.

கூடாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வியாபாரத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும், பார்த்துக்கொள்ளாமலும் போகும். பேனரில் இருக்கிற எங்கள் மலைப் பெயரை மட்டும் முதலில் அழித்துவிடுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதைச் சிறுநீரக அறுவை சிகிச்சை நிபுணர், அதாவது யூராலஜிஸ்ட்தான் சொல்ல வேண்டும். வெளியே உட்கார்ந்திருக்கும்போது யாராவது தெரிந்தவர் பார்த்துக் கேட்டால் "கிட்னியில கல்லு" என்று சொல்லிக்கொள்ளுங்கள். அதற்கும் அதே டாக்டர்தான் ;-)